அப்பாவுக்கு புராஸ்டேட் கேன்சர் என்று தெரிய 21 மாதம் ஆனது. கேஸ் போட முடியுமா?

வில்லிவாக்கம்_பையன்
8 நவம்பர் 2025, இரவு 11:42

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகுதான் இதையெல்லாம் தட்டச்சு செய்ய முடிகிறது.

அப்பாவுக்கு இப்போது 68. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 2023 ஜூலையில் அண்ணா நகர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தோம். ஆடித் தள்ளுபடி மாதிரி ஏதோ ஆஃபர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்தது. அதில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) 9.2. நார்மல் அளவு 4 வரை என்று பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது, எண்ணைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறார்கள்.

அந்த ஃபைலை அங்கேயே ஒரு பொது மருத்துவரிடம் காட்டினார். சுகர், கொழுப்பு பற்றித்தான் பேச்சு. ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறேன் என்று அப்பா சொன்னதற்கு, வயசானால் புராஸ்டேட் வீங்கும், மாத்திரை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். நான் அன்றைக்குக் கூடப் போகவில்லை.

2024 மார்ச்சில் மறுபடி எடுத்தபோது பி.எஸ்.ஏ. 5.1. அன்றைக்கு நான் கூட இருந்தேன். "பாத்தீங்களா, பாதியா இறங்கிடுச்சு, மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்றார் டாக்டர். திரும்பும் வழியில் ஐ.சி.எஃப். பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, சர்க்கரை போட்டே ஒரு டீ குடித்தார் அப்பா. சுகர் வந்ததிலிருந்து அவர் சர்க்கரை போட்ட டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.

2025 ஜனவரியில் முதுகுவலி. எலும்பு டாக்டர், பெல்ட், பத்து வாரம் பிசியோதெரபி. குறையவில்லை. ஏப்ரலில் வேறு ஒரு மருத்துவமனையில் பி.எஸ்.ஏ. எடுத்தார்கள்: 148. சதை டெஸ்ட்டில் கிளீசன் (கேன்சர் எவ்வளவு முரட்டு ரகம் என்று சொல்லும் மதிப்பெண்) 4+5, மொத்தம் 9. போன் ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் பரவியிருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியும் தினமும் மாத்திரையும். நடமாட்டம் இருக்கிறது.

21 மாதம். அந்த 9.2-ஐ யாராவது ஒருத்தர் பார்த்திருந்தால்? இது அலட்சியம் இல்லையா? எங்கே போய்க் கேட்பது?

---

திண்ணை_தி.நகர்
9 நவம்பர், காலை 6:15

அந்த ஆஸ்பத்திரி பெயரைப் போடுங்கள் சார். நாலு பேராவது தப்பிப்பார்கள்.

---

மட்டுறுத்துநர்
9 நவம்பர், காலை 7:02

பெயர் வேண்டாம். போட்டால் இழையைப் பூட்ட வேண்டியிருக்கும். அவருடைய வழக்குக்கும் அது நல்லதில்லை.

---

லேப்_மாமி
9 நவம்பர், காலை 8:30

தம்பி, முப்பது வருஷம் ரத்தக்குழாயும் சிரிஞ்சுமாக வாழ்ந்தவள் நான். இப்போது ரிட்டயர்டு. ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். 2023-இல் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயர் வேண்டாம், அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் என்ன மருந்து என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள்.

---

வில்லிவாக்கம்_பையன்
9 நவம்பர், காலை 9:11

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன் மேடம். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், டுட்டாஸ்டிரைட் 0.5 மில்லிகிராம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார்.

---

லேப்_மாமி
9 நவம்பர், காலை 9:40

நினைத்தேன்.

டாம்சுலோசின் மூத்திரப் பாதையைத் தளர்த்திவிடும், அவ்வளவுதான். டுட்டாஸ்டிரைட் அப்படியில்லை. அது புராஸ்டேட் சுரப்பியையே சுருக்கும், பி.எஸ்.ஏ.வையும் இறக்கும். ஆறு மாதம் சாப்பிட்டவருக்கு அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபினாஸ்டிரைடும் இதே ஜாதி. ஆகவே அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வருகிற எண்ணை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும். அது ரகசியம் ஒன்றும் இல்லை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இருக்கும்.

உங்கள் அப்பா எட்டு மாதம் சாப்பிட்ட பிறகு எடுத்த 5.1, உண்மையில் 10.2. இறங்கவில்லை தம்பி, ஏறியிருக்கிறது. நீங்கள் சந்தோஷமாக டீ குடித்த அன்றைக்குத்தான் மணி அடித்திருக்க வேண்டும்.

---

வில்லிவாக்கம்_பையன்
9 நவம்பர், காலை 9:52

இதை இதுவரை ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. இப்போது பார்க்கிற டாக்டர்கூட.

---

ஓபி_டாக்டர்
9 நவம்பர், இரவு 10:20

நான் பொது மருத்துவர், தாம்பரம் பக்கம். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேரைப் பார்க்கிறேன். அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பி.எஸ்.ஏ. கேன்சர் டெஸ்ட் அல்ல. சாதாரண வீக்கத்திலும் ஏறும், மூத்திரத்தில் கிருமி இருந்தாலும் ஏறும், குழாய் போட்டிருந்தாலும் ஏறும். எல்லா ஆண்களுக்கும் இதை எடுக்கலாமா கூடாதா என்பதிலேயே உலகம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012-இல் வேண்டவே வேண்டாம் என்றது. 2018-இல் மாற்றிக்கொண்டு, 55 முதல் 69 வயதுவரை நோயாளியோடு பேசி முடிவெடுங்கள், 70 தாண்டினால் வேண்டாம் என்றது. காரணம், ஆபத்தே செய்யாத கட்டிகளையும் கண்டுபிடித்து, தேவையில்லாமல் அறுத்து, ஆளை மூத்திரம் அடக்க முடியாதவராக ஆக்கிவிடுகிறோம்.

இன்னொன்று. டேனியல் மெரன்ஸ்டீன் என்ற அமெரிக்க டாக்டர், பயிற்சியில் இருந்தபோது 1999-இல் 53 வயதுக்காரர் ஒருவருக்கு இந்தச் சாதக பாதகங்களை எல்லாம் விளக்கினார். டெஸ்ட் எடுக்கவில்லை. பின்னால் அந்த ஆளுக்கு முற்றிய புராஸ்டேட் கேன்சர். வழக்கு 2003-இல் ஜூரி முன் வந்தது. டாக்டரை விட்டுவிட்டார்கள், அவர் படித்த பயிற்சித் திட்டத்துக்கு 10 லட்சம் டாலர் போட்டார்கள். புத்தகத்தில் சொன்னபடி செய்தும் இந்தக் கதி என்று 2004-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் அவரே எழுதினார். அதைப் படித்த பிறகு எந்த டாக்டருக்கும் இரண்டு மனசாகத்தான் இருக்கும்.

ஆகவே 'ஏன் லேட்' என்று கேட்பது சுலபம். அன்றைக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

---

சைதை_சங்கு
9 நவம்பர், இரவு 10:48

ஆரம்பிச்சாச்சு. டாக்டருக்கு டாக்டர் துணை. 9.2-ஐப் பார்க்க எதுக்குங்க அமெரிக்கா? கண்ணு போதாதா?

---

ஓபி_டாக்டர்
9 நவம்பர், இரவு 11:05

சங்கு, முழுதாகப் படியுங்கள். நான் சொன்னது எடுக்காமல் விடுவது பற்றி. இங்கே எடுத்திருக்கிறார்கள். எடுத்து, ஏறியிருக்கிறது என்று தெரிந்து, ஆளுக்குத் தொந்தரவும் இருக்கிறது என்றால், அந்த விவாதம் அதோடு முடிந்தது. விரல் பரிசோதனை, மூத்திர டெஸ்ட், சில வாரத்தில் மறுபடி பி.எஸ்.ஏ., அப்படியும் குறையவில்லை என்றால் யூராலஜிஸ்ட், எம்.ஆர்.ஐ. இதுதான் வழி. மாமி சொன்ன இரட்டிப்புக் கணக்கும் சரிதான். அதை மறந்திருந்தால் என்னாலும் தாங்கிப் பேச முடியாது.

---

கருப்பு_கோட்டு
10 நவம்பர், காலை 7:30

நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன். பீஸ் வாங்காமல் இவ்வளவுதான் சொல்ல முடியும். பொதுவாகச் சொல்கிறேன், இதை வைத்துக்கொண்டு நேரே மனு போட்டுவிடாதீர்கள்.

முதலில், தாமதம் என்பது தனியாக ஒரு குற்றம் இல்லை. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல்: சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நிலையில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா? முடிவெடுப்பதில் வருகிற பிழை வேறு, அலட்சியம் வேறு. கிரிமினல் வழக்குக்கு இன்னும் மோசமான அலட்சியம் வேண்டும், போலீஸ் ஸ்டேஷன் பக்கமே போகாதீர்கள். அரும்பாக்கத்தில் இருக்கிற தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அவர்கள் டாக்டரின் பதிவில் கை வைப்பார்களே தவிர, உங்களுக்குப் பணம் வாங்கித் தர மாட்டார்கள்.

நஷ்டஈடு என்றால் நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் 'சேவை'தான் என்று 1995-இல் சாந்தா வழக்கிலேயே முடிந்துவிட்டது. பலர் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கிற நஷ்டஈட்டைப் பொறுத்ததில்லை, அவர்களுக்கு நீங்கள் கட்டிய தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அப்பா குடியிருக்கிற இடத்திலேயே போடலாம்.

அடுத்தது காலவரம்பு, இதுதான் எனக்குக் கவலை. இரண்டு வருஷம். எதிலிருந்து எண்ணுவது? 2023 ஜூலையிலிருந்து என்றால் ஏற்கெனவே தாண்டியாயிற்று. 2024 மார்ச் என்றால் 2026 மார்ச் வரை. கேன்சர் என்று தெரிந்த 2025 ஏப்ரல் என்றால் 2027 ஏப்ரல் வரை. மறைந்திருக்கிற பாதிப்பு தெரிய வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று 2010-இல் ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 'நியாயமான அக்கறை எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள்' என்றும் சேர்த்துச் சொன்னது. வயிற்றுக்குள் துணி வைத்துத் தைக்கப்பட்டு ஒன்பது வருஷம் வலியோடு இருந்த பெண்மணி அந்த வழக்கிலேயே காலவரம்பில் தோற்றார். நீங்களே ஒரு நர்ஸ், முன்பே போய்ப் பார்த்திருக்கலாமே என்றார்கள். ஆகவே 2026 மார்ச்சுக்குள் போட்டுவிடுங்கள். தாமத மன்னிப்பு மனு எல்லாம் கடைசி வழி.

நாளைக்கே செய்ய வேண்டியது: எல்லா ஆவணமும் கேட்டு எழுத்தில் கடிதம். கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று 2002 மருத்துவர் நெறிமுறை விதிகளில் இருக்கிறது. மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும் என்ற விதி உள்நோயாளி ஆவணத்துக்குத்தான். உங்களுடையது ஓ.பி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருக்கிறது. பதிவுத் தபாலைத்தான் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களே, அதில் ஒப்புகையோடு அனுப்புங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம். 'மேற்கொண்டு சிகிச்சைக்காக' என்று ஒரு வரி போதும்.

---

வில்லிவாக்கம்_பையன்
10 நவம்பர், இரவு 11:58

நன்றி சார். கடிதம் அடித்துவிட்டேன், நாளைக்குப் போகிறது.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். வக்கீலிடம் மறைக்கக் கூடாது என்பார்கள். 2023 ஜூலையில் பதிவு செய்தபோது அப்பாவுக்கு இமெயில் இல்லாததால் என்னுடையதைக் கொடுத்திருந்தோம். முந்தாநாள் தேடினேன். 2023 ஜூலை 19, மாலை 6:04-க்கு அந்த நாற்பது பக்க ரிப்போர்ட் எனக்கு வந்திருக்கிறது. தடித்த எழுத்தில் இருந்தது நான் இந்த வாரம்தான் பார்த்தது. நான் அதைத் திறக்கவே இல்லை. அன்றைக்கு ஆபீஸில் ஏதோ ரிலீஸ்.

இரண்டு வருஷமாக அது என் பாக்கெட்டில்தான் இருந்திருக்கிறது.

---

அடையாறு_அக்கா
11 நவம்பர், காலை 5:50

தம்பி, திறந்திருந்தாலும் நீ கூகிளில் தேடி, வீக்கம்தான் என்று படித்து, மூடி வைத்திருப்பாய். நான் அப்படித்தான் செய்தேன், என் வீட்டுக்காரர் விஷயத்தில். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்க வேண்டும் என்றுதானே காசு கட்டினோம்.

---

கருப்பு_கோட்டு
11 நவம்பர், காலை 8:10

சொன்னது நல்லது. எதிர்த்தரப்பு முதல் பதிலிலேயே இதைத்தான் எடுக்கும்: 'ரிப்போர்ட் அன்றே மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது'. அதற்குப் பயப்பட வேண்டாம். அனுப்புவது வேறு, விளக்குவது வேறு. அதோடு அப்பா ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் டாக்டரிடமே போயிருக்கிறார். அந்த மெயிலை மட்டும் அழித்துவிடாதீர்கள். உங்களுக்கு எதிரானதாகத் தோன்றுகிற காகிதம்தான் பல நேரம் தேதியை நிரூபித்துக் கொடுக்கும்.

---

தோற்றவன்
11 நவம்பர், பகல் 1:25

என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமனாருக்குக் குடலில் கேன்சர். எட்டு மாதம் மூலம் என்று வைத்தியம் பார்த்தார்கள். வழக்குப் போட்டோம். சட்டத்தில் மூன்று மாதம், ஐந்து மாதம் என்று காலக்கெடு இருக்கிறது. எங்களுக்கு வாய்தா மேல் வாய்தாவாக நாலரை வருஷம் ஓடியது. மாமனார் இரண்டாவது வருஷமே போய்விட்டார், பிறகு மாமியாரைக் கட்சியாகச் சேர்த்தோம்.

தோற்றது எதில் தெரியுமா? அலட்சியம் இருந்தது என்று ஏறக்குறைய ஒப்புக்கொண்டார்கள். எட்டு மாதம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. நிபுணர் என்று யாரையும் நிறுத்த முடியவில்லை. தனியாகப் பேசும்போது 'அநியாயம் சார்' என்று சொன்ன நாலு டாக்டர்களில் ஒருவர்கூட எழுதித் தரவில்லை.

போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அப்பா உடம்பு இருக்கிற நிலையில், யார் அலைவது என்று முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

---

கருப்பு_கோட்டு
11 நவம்பர், இரவு 9:00

இவர் சொன்ன இடத்தில்தான் தாமத வழக்குகள் பாதி விழுகின்றன. இங்கிலாந்தில் கிரெக் எதிர் ஸ்காட் என்று ஒரு வழக்கு, 2005. அக்குளில் கட்டி, சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று டாக்டர் அனுப்பிவிட்டார், அது கேன்சர். தாமதத்தால் பிழைக்கும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25 ஆனது. அலட்சியம் நிரூபணம் ஆகியும் நஷ்டஈடு இல்லை. முதலிலேயே 50-க்குக் கீழேதானே இருந்தது என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எதிர்த்தரப்பு தூக்கிக்கொண்டு வரும்.

நிபுணர் விஷயத்தில் ஒரு ஆறுதல். எல்லா வழக்கிலும் நிபுணர் கட்டாயம் இல்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மலேரியாவை டைபாய்டு என்று பார்த்த வழக்கு அது. இங்கே டுட்டாஸ்டிரைட் கணக்கு மருந்துத் தாளிலேயே இருப்பதால் அலட்சியத்துக்கு நிபுணர் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் 'என்ன மாறியிருக்கும்' என்பதற்கு ஒரு கேன்சர் டாக்டரின் எழுத்து கட்டாயம் வேண்டும்.

---

ஓபி_டாக்டர்
11 நவம்பர், இரவு 10:40

அதற்கு நான் சொல்லக்கூடியது: பி.எஸ்.ஏ. பத்தை ஒட்டி இருக்கும்போது எலும்புக்குப் பரவியிருப்பது வழக்கமாகக் குறைவு. சுரப்பிக்குள்ளேயே இருந்திருந்தால் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ கொடுத்து முழுதாகக் குணப்படுத்தப் பார்த்திருக்கலாம். இப்போது கொடுப்பது ஆண் ஹார்மோனை அடக்கி நோயைத் தூங்க வைக்கும் சிகிச்சை. எதிர்ப்பக்கம், கிளீசன் 9 முரட்டு ரகம், அப்போதே கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும் என்பார்கள். அதையும் தள்ளிவிட முடியாது. இரண்டுமே உண்மையாக இருக்க முடியும், மருத்துவம் அப்படித்தான்.

---

வார்டு_சிஸ்டர்
12 நவம்பர், காலை 6:30

கேஸ் எல்லாம் இருக்கட்டும். முதுகெலும்பில் பரவியிருக்கிறது என்கிறீர்கள். அப்பாவுக்குத் திடீரென்று கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, மூத்திரம் வராமல் நின்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிற அறிகுறி அது. அந்த மணி நேரமே கூட்டிக்கொண்டு போங்கள். இதை உங்கள் அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

---

வில்லிவாக்கம்_பையன்
12 நவம்பர், காலை 6:41

சொல்லிவிட்டேன் சிஸ்டர். ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டியும் விட்டேன்.

---

கூவம்_கரையோரம்
13 நவம்பர், இரவு 8:15

சென்னைக்காரர்கள் எழும்பூர் வழக்கை மறந்துவிட்டீர்களா? குறைமாதக் குழந்தை, 1996-இல் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தது. அப்படிப் பிறக்கிற குழந்தைகளுக்குச் சில வாரத்துக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். யாரும் செய்யவில்லை, செய்யுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுத்தது. அப்பா விடவில்லை. 2015-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் செலவையும் சேர்த்து 1 கோடியே 80 லட்சம் அளவுக்கு உயர்த்தியது. பரிசோதிக்கச் சொல்லாமல் விட்டதற்குத்தான் அத்தனையும்.

பத்தொன்பது வருஷம் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

---

சைதை_சங்கு
13 நவம்பர், இரவு 8:20

பத்தொன்பது வருஷமா? பேசாம அந்த டாக்டர் ரூம் வாசல்ல போய் உக்காந்துடலாம்.

---

மட்டுறுத்துநர்
13 நவம்பர், இரவு 8:33

சங்கு, எச்சரிக்கை 1.

---

வில்லிவாக்கம்_பையன்
6 டிசம்பர் 2025, இரவு 11:20

ஆவணங்கள் வந்துவிட்டன. 72 மணி நேரம் இல்லை, பதினெட்டு நாள். மூன்று தடவை நேரில் போனேன். கடைசியில் பில்லிங் கவுன்டருக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன அறையில், ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்கள்.

அதில் 2023 ஜூலை ஓ.பி. பக்கம் ஒன்று. கையால் எழுதினது. சுகர் விவரம், மாத்திரைகள், எல்லாம் அப்பாவிடம் இருக்கிற சீட்டில் உள்ளது போலவே. ஆனால் கீழே ஓரத்தில், கொஞ்சம் சாய்வாக, 'ரிப்பீட் பி.எஸ்.ஏ. 6 வாரம்' என்று இருக்கிறது. அப்பாவிடம் இருக்கிற சீட்டில் அந்த வரி கிடையாது.

பின்னால் சேர்த்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. கை நடுங்குகிறது.

---

திண்ணை_தி.நகர்
6 டிசம்பர், இரவு 11:31

ஃபோர்ஜரி! விடாதீர்கள்!

---

கருப்பு_கோட்டு
7 டிசம்பர், காலை 7:15

பொறுங்கள். அவர்கள் கொடுத்தது ஜெராக்ஸ். மை நிறம் தெரியாது. அசலைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆணையத்தில் கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் அப்பாவை ஆற அமர உட்கார வைத்து, அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டீர்களா? நீங்கள்தான் கூடப் போகவில்லையே. 'பின்னால் எழுதினது' என்று மனுவில் போட்டு, குறுக்கு விசாரணையில் அப்பா வேறு மாதிரி சொன்னால் முழு வழக்கும் போகும்.

---

லேப்_மாமி
7 டிசம்பர், காலை 8:02

ஓர வரியை விடுங்கள். ஒரே பக்கத்தில் மறுபடி பி.எஸ்.ஏ. எடுக்கணும் என்றும் எழுதி, டுட்டாஸ்டிரைடும் எழுதியிருக்கிறார் என்றால், அந்த மனுஷனுக்கு இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே தோன்றவில்லை. அடுத்த எண்ணைத் தானே கலைத்துவிட்டு அடுத்த எண்ணைக் கேட்டிருக்கிறார்.

---

ஓபி_டாக்டர்
7 டிசம்பர், காலை 8:20

மாமி, எனக்கும் அங்கேதான் இடிக்கிறது.

---

வில்லிவாக்கம்_பையன்
9 டிசம்பர் 2025, பின்னிரவு 12:35

கேட்டேன்.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது கேட்டேன், அம்மா காதில் விழ வேண்டாம் என்று. அப்பா கொஞ்ச நேரம் கொடியில் கிளிப்பை எண்ணிக்கொண்டு நின்றார். அப்புறம், "ஆறு வாரம் கழிச்சு ஏதோ எடுக்கணும்னு சொன்ன மாதிரிதான் இருக்கு" என்றார். அந்த ஆகஸ்டில் அக்காவுக்குப் பிரசவம். கோயம்புத்தூரில் இரண்டு மாதம் இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு மாத்திரையில் ராத்திரித் தொந்தரவு குறைந்திருந்தது. மறந்துவிட்டது.

"ஏன்பா முன்னாடியே சொல்லல" என்று கேட்டேன். "நீ அந்த இமெயிலை நினைச்சுட்டு ராத்திரி தூங்காம இருந்தியே, அதுக்கு மேல இது வேறயா" என்றார்.

இனி கேஸ் இருக்கிறதா சார்?

---

கருப்பு_கோட்டு
9 டிசம்பர், காலை 7:40

இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்த கேஸ் இல்லை.

21 மாதத்தை மறந்துவிடுங்கள். முதல் எட்டு மாதத்தைப் பிடித்துத் தொங்கினால், சொன்னோம், வரவில்லை என்பார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. 2024 மார்ச்சுக்கு வாருங்கள். அன்றைக்கு அப்பா மறக்கவில்லை, வந்தார். டெஸ்ட் எடுத்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரை அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. 9.2-உம் இருக்கிறது. 5.1-ஐப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். நீங்களே கூட இருந்த சாட்சி. அந்த நாளிலிருந்து 2025 ஏப்ரல் வரை 13 மாதம், அதற்கு யாரும் உங்கள் மேல் பழி போட முடியாது.

13 மாதத்துக்கு நஷ்டஈடு குறையலாம். ஆனால் நிற்கும். அந்த மார்ச் மாத ஓ.பி. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

---

வில்லிவாக்கம்_பையன்
9 டிசம்பர், காலை 7:55

'பி.எஸ்.ஏ. 5.1, குறைந்துள்ளது. அதே மருந்து தொடரவும். ஆறு மாதம் கழித்து வரவும்.' கையெழுத்து, முத்திரை, தேதி.

---

கருப்பு_கோட்டு
9 டிசம்பர், காலை 7:58

அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நோட்டீஸ் ஜனவரியில், மனு பிப்ரவரிக்குள். ஓர வரி பற்றி மனுவில் ஒரு வார்த்தை வேண்டாம்.

---

தோற்றவன்
9 டிசம்பர், பகல் 2:10

நிபுணர் கருத்துக்கு இப்போது பார்க்கிற டாக்டரையே நம்பி இருக்காதீர்கள். வெளியூர் மருத்துவக் கல்லூரியில் ஓய்வு பெற்ற பேராசிரியர் யாராவது கிடைப்பார்களா பாருங்கள். எங்களுக்குத் தோன்றாமல் போன யோசனை அது.

---

வில்லிவாக்கம்_பையன்
17 ஜனவரி 2026, இரவு 10:05

நோட்டீஸ் போய்விட்டது. மதுரையில் ஒரு ஓய்வு பெற்ற பேராசிரியர் ஃபைலை அனுப்பச் சொல்லியிருக்கிறார். எழுதித் தருவேன் என்று இன்னும் சொல்லவில்லை, படித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அப்பாவின் பி.எஸ்.ஏ. இப்போது 0.9. பொங்கலுக்கு அக்கா குழந்தையோடு வந்திருந்தாள்.

---

புதுவண்ணை_ரவி
18 ஜனவரி, காலை 9:12

இன்றுதான் சேர்ந்தேன், இழை முழுவதும் படித்தேன். என் மாமனாருக்கு 71 வயது, அதே டாம்சுலோசின், டுட்டாஸ்டிரைட் மாத்திரை. போன வாரம் பி.எஸ்.ஏ. 3.8 வந்து, நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் 7.6-ஆ?

---

லேப்_மாமி
18 ஜனவரி, காலை 9:20

எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார்? மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட் இருக்கிறதா? தேடி எடுத்துக்கொண்டு வாங்க.